தார்ச்சாலை வெப்பக் காப்பு: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

தார்ச்சாலை வெப்பக் காப்பு என்பது, வெயிலில் தார் இளகியும் நாளடைவில் இறுகி வெடித்தும் சாலைப் பரப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைகளுக்குப் பொதுப்பெயர். தாரின் தேர்வு, ஜல்லியின் அளவு, கலவையின் சூடு, ரோலர் ஓடும் நேரம், பின்னாளைய பராமரிப்பு எல்லாம் இதில் அடங்கும். கேரளத்தில் இதன் தேவை முதலில் தெரிவது தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காட்டுச் சமவெளியில். இடுக்கியின் எல்லை மலைச்சாலைகளில் அதே தேவை வேறு உருவத்தில் வருகிறது. இந்த இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்ப்பது தமிழ்நாட்டு எல்லையும், அதை இரவும் பகலும் கடக்கும் லாரிகளும்தான்.

மக்கள் தார் என்று சொல்லும் பொருள் இன்று கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் பிட்டுமென். பாடநூல்கள் இதை நிலக்கீல் என்கின்றன. நிலக்கரியிலிருந்து எடுக்கப்படும் உண்மையான தார் சாலை வேலையிலிருந்து எப்போதோ விலகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இங்கும் அந்தப் பெயரே ஆளப்படுகிறது.

கணவாயின் வெயில்

மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு இறங்கிக் கொடுக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். கோடையில் கோயம்புத்தூர்ப் பக்கத்து வறண்ட காற்று இதன் வழியே நுழைகிறது. கேரளத்தின் மற்ற மாவட்டங்கள் புழுக்கத்தில் வேர்க்கும்போது பாலக்காடு காய்கிறது. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரல் இறுதியில் இந்திய வானிலைத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடுத்தது. கேரளத்தில் அது அரிது.

ஆனால் சாலையின் வெப்பம் காற்றின் வெப்பத்தோடு நிற்பதில்லை. கருப்புப் பரப்பு வெயிலில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்காவில் 1987 முதல் 1993 வரை நடந்த நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் காற்று வெப்பத்தையும் அட்சரேகையையும் கொண்டு சாலையின் உள்வெப்பத்தைக் கணிக்க ஒரு சூத்திரம் தந்தது. காற்றில் 40 டிகிரி என்று வைத்துப் பாலக்காட்டுக்குக் கணக்குப் போட்டால், பரப்புக்கு 20 மில்லிமீட்டர் கீழே ஏறத்தாழ 62 டிகிரி வருகிறது. காற்றில் 27 டிகிரி என்று வைத்து இடுக்கியின் மூணாறுக்குப் போட்டால் சுமார் 50. எல்லைச் சாலைகளின் சிக்கல் முழுவதும் இந்த 12 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

கெடும் விதம்

தார் திடமும் அல்ல, திரவமும் அல்ல. வேகமாகக் கடக்கும் சக்கரத்துக்கு அது கல்லைப்போல நிற்கும். அதே சக்கரம் மேலேயே நின்றுகொண்டிருந்தால் மெல்ல நகர்ந்து இடம் கொடுக்கும். அதனால் வெயில் நேரத்தில் ஓடும் லாரியைவிட நிற்கும் லாரியே சாலைக்குப் பகை. இதற்குப் பாலக்காட்டு எல்லைச் சோதனைச்சாவடியான வாளையாரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சோதனை நிற்கும் வரை, அங்கே சரக்கு லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டின. நாட்டின் முக்கியமான சரக்கு வழிகளில் ஒன்றில், வெயிலேறும் சமவெளியில், முழுச் சுமையோடு அசையாமல் நிற்பது என்றால், எந்தக் கலவையும் சக்கரத் தடத்தில் குழிந்துதான் போகும். இப்போது அந்த நிலை சுங்கச்சாவடி, சிக்னல், பேருந்து நிறுத்தம் என்று சின்னச் சின்ன இடங்களுக்கு நகர்ந்திருக்கிறது.

சக்கரத் தடம் பள்ளமாவது முதல் வகைக் கேடு. பிரேக் போடும் இடத்தில் கலவை முன்னோக்கித் தள்ளப்பட்டு அலை அலையாக எழும்புவது இரண்டாவது. மூன்றாவது, உச்சி வெயிலில் தார் மேலேறிப் பளபளப்பது. 'ரோடு வேர்க்குது' என்று சொல்லத் தோன்றும் நிலை இது. செருப்பில் ஒட்டும் இந்தக் கசிவு பார்வைக்குச் சில்லறைத் தொல்லை. முதல் மழை விழுந்ததும் இரு சக்கர வண்டிக்கு அதுவே வழுக்குப் பாறை.

இவை இளகுவதால் வருபவை. நேர் எதிரான கேடும் உண்டு. பல ஆண்டு வெயிலும் காற்றும் பட்டு தாரில் இருக்கும் எண்ணெய்ப்பசை குறைந்து, அது காய்ந்த பிசின்போல இறுகுகிறது. மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை அந்த வெடிப்புகளைத் தேடி இறங்குகிறது. கேரளத்துக் கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகை. சிலிக்கா மிகுந்த கல் தாரைவிடத் தண்ணீரோடு எளிதில் ஒட்டும். நீர் புகுந்தால் கல்லிலிருந்து தார் உரிந்துவிடும். ஆகஸ்டில் பள்ளமாகத் தெரிவதற்கு வித்து மார்ச் மாதமே விழுந்திருக்கும். மழையை மட்டும் குறைசொல்வதில் பாதி உண்மையே உண்டு.

தாரின் தரம்

இந்தியாவில் தாரை ஊசி இறங்கும் ஆழத்தை வைத்து 80/100, 60/70 என்று வகைப்படுத்தும் பழைய முறை 2006இல் மாறியது. இப்போது பாகுத்தன்மையே அளவுகோல்: வி.ஜி. 10, 20, 30, 40. எண் ஏற ஏற வெயில் தாங்கும் கெட்டித்தன்மை ஏறும். வி.ஜி. 30 தார் குறைந்தது 47 டிகிரியிலும், வி.ஜி. 40 குறைந்தது 50 டிகிரியிலும்தான் மென்மையடைய வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. 62 டிகிரியில் கிடக்கும் சாலையில் இரண்டுமே மென்மையாகியிருக்கும் என்பது இதிலிருந்தே தெரியும். அப்போது சுமையைத் தாங்குவது தார் அல்ல, ஒன்றோடொன்று கோத்து நிற்கும் ஜல்லிகள். தார் அவற்றை விலகாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

வாளையார், கஞ்சிக்கோடு போன்ற கனரக வழிகளுக்கு வி.ஜி. 40 அல்லது மாற்றியமைக்கப்பட்ட தார் ஏற்றது. அதையே மூணாறுக்குக் கொண்டுபோனால் வேறு சிக்கல் வரும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் ஊர் அது. மிகக் கெட்டியான தார் குளிரில் சுருங்கிப் பிளக்கும். மாவட்டத்துக்கு ஒரு தார் என்று வகுப்பதும் போதாது. இடுக்கிக்குள்ளேயே சின்னாறும் மறையூரும் மழை மறைவுப் பகுதிகள். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு ஏறும் பாதையில் முள்மரக் காடும் தேயிலைக் குளிரும் ஒரே பயணத்தில் வந்துபோகும்.

தாரோடு சேர்க்கும் பொருள்களில் இந்தப் பகுதிக்குச் சொந்தமானவை இரண்டு. ஒன்று ரப்பர். கோட்டயத்தில் தலைமையகம் கொண்ட ரப்பர் வாரியம் இயற்கை ரப்பர் கலந்த தாரை நெடுங்காலமாக ஊக்குவித்துவருகிறது. ரப்பர் சேர்ந்தால் மென்மையாகும் வெப்பநிலை ஏறும், வளைந்து மீளும் தன்மையும் கூடும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் ரப்பர் சிதைந்து பலன் போய்விடும். மற்றது கழிவு பிளாஸ்டிக். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ரா. வாசுதேவன் வகுத்த முறையில், துருவிய பிளாஸ்டிக் முதலில் சுட்ட ஜல்லியின் மேல் தூவப்படும். உருகிக் கல்லைப் போர்த்திய பிறகே தார் சேரும். மழைநீர் கல்லை அண்டாமல் தடுப்பது இதன் சிறப்பு. அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகச் சேகரிக்கும் பிளாஸ்டிக்கின் ஒரு பங்கு துருவப்பட்டு இப்படிச் சாலைக்குப் போகிறது. பி.வி.சி. மட்டும் ஆகாது, அதைச் சூடாக்கினால் நச்சுப்புகை.

கலவையும் சூடும்

தார் கூடினால் பலம் கூடும் என்பது சாலையோரத் தேநீர்க் கடைகளில் எழுதப்படாத சட்டம். வெப்பப் பகுதியில் இது தலைகீழ். மேலடுக்குக் கலவையில் தார் நூற்றுக்கு ஐந்தரைப் பங்கைச் சுற்றியே இருக்கும். கலவை வடிவமைப்பில் 3 முதல் 5 சதவீதம் காற்றிடம் விடப்படுவது, வெயிலில் விரியும் தாருக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காக. கூடுதலாக ஊற்றிய தார் அந்த இடத்தை அடைத்துவிட்டால் மேலே கசிவதைத் தவிர அதற்கு வேறு போக்கில்லை. உரியும் தன்மையுள்ள கல்லாக இருந்தால் 2 சதவீதம் நீறிய சுண்ணாம்பு சேர்ப்பது மலிவான, பழைய, இன்றும் தோற்காத மருந்து.

கேரளப் பொதுப்பணித் துறை வழக்கில் 'பி.எம். பி.சி.' என்பது ஏறக்குறைய நாட்டார் சொல்லாகிவிட்டது. கீழே தடித்த பிட்டுமென் மெக்கடம், மேலே அடர்ந்த பிட்டுமென் கான்கிரீட் என்ற இரட்டை அடுக்கு அது. நல்ல சாலை வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த நான்கு எழுத்தைச் சொல்லியே கேட்கிறார்கள்.

வி.ஜி. 30 கலவை பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். சமவெளியில் இது எளிது. கணவாய்க் காற்று வீசினால்கூட ஏப்ரல் வெயில் ஈடுகட்டும். ஆலை அடிவாரத்தில் இருந்து, கலவை தார்ப்பாய் மூடிய டிப்பரில் மலையேறும்போதுதான் சூடு வழியிலேயே கழிகிறது. ஆறிய கலவை அமுங்காது. அமுங்காத இடத்தில் காற்றிடம் மிகும், தார் விரைவில் முதிரும். குறைந்த சூட்டிலேயே பரப்ப உதவும் வேதிப்பொருள் சேர்த்த கலவை இத்தகைய பாதைகளுக்குப் பயன்படும்.

கொண்டை ஊசி வளைவுகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கம்பம்மெட்டு, குமுளிப் பாதைகளும் அதே இனம். ஏறும் பஸ் முதல் கியரில் ஊர்கிறது, இறங்கும் லாரி பிரேக்கிலேயே தொங்குகிறது. வளைவில் பின்சக்கரம் உருளாமல் தரையைத் திருகுகிறது. மேலே குளிர் இருந்தாலும் அடிவாரத்து வளைவுகள் கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் கிடக்கின்றன. விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளால் பெரிய சேதமில்லை. சேதம் செய்வது அச்சுச் சுமை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சோதனைகளிலிருந்து, சேதம் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்ற தோராய விதி பிறந்தது. 2018இல் இந்தியா நான்கு டயர் ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. விதிப்படி பார்த்தால் சுமை எட்டில் ஒரு பங்கு கூட, சேதம் ஏறத்தாழ அறுபது சதவீதம் கூடுகிறது. அனுமதியை மீறி ஏற்றும் எம்-சாண்ட் லாரிகள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

போட்ட பிறகு

தார் கசியும் இடத்தில் சூடான கல்தூளைத் தூவி ரோலர் ஓட்டுவது உடனடி மருந்து. மேலே இன்னொரு தாரடுக்கு ஊற்றுவது நோயைக் கூட்டும். மயிரிழை வெடிப்புக்கு மழைக்கு முன்பே நீர்த்த தார்க் குழம்பு தெளித்தோ, கல்தூளும் குழம்பும் சேர்ந்த மெல்லிய பூச்சு இட்டோ மூடலாம். வேலைக்கு ஏற்ற மாதங்கள் பிப்ரவரி முதல் மே வரை. நிழல் மரம் சாலையைக் குளிர்விக்கும் என்பது உண்மை. பொள்ளாச்சிப் பக்கத்துப் புளியமரச் சாலைகளில் நடந்தவர்களுக்கு வெப்பமானி தேவையில்லை. அகலப்படுத்தும்போது முதலில் போவதும் அவையே.

லாரி நின்றே ஆக வேண்டிய இடங்களில் தாரோடு மல்லுக்கட்டாமல், பழைய தாரின் மேல் சிமெண்ட் கான்கிரீட் அடுக்கு போடும் முறைக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி வகுத்திருக்கிறது. மலை வளைவுகளுக்குக் கேரளம் கண்ட வழி இன்டர்லாக் கல். வயநாட்டுக்கு ஏறும் தாமரச்சேரிச் சுரத்தின் வளைவுகளில் இது பதிக்கப்பட்டது. வெயிலில் இளகாது, ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். கல்லும் தாரும் சேரும் விளிம்புதான் பலவீனம். ஓடை அடைத்து மழைநீர் அந்த விளிம்பில் இறங்கினால், அடுத்த பள்ளம் அங்கிருந்தே தொடங்கும்.