ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த பெண்மணி

1950-களின் அமெரிக்கா. ராத்திரி நேரம். புதுசாக வீட்டுக்குள் வந்திருந்த டெலிவிஷனுக்கு முன்னால் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. நாடகத்துக்கு நடுவில் விளம்பரம். அன்றைக்கு விளம்பரமும் லைவ்தான். தப்பு நடந்தால் ஊரே பார்க்கும்.

நடந்தது. ஒரு பெண் சிரித்த முகத்தோடு ஃப்ரிட்ஜின் பெருமைகளைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். கதவு வரவில்லை. மறுபடி இழுத்தார். ம்ஹூம்!

அந்தப் பெண் பெட்டி ஃபர்னஸ் என்றே அமெரிக்கா ரொம்ப காலம் நம்பியது. உண்மையில் அன்றைக்கு அவர் வரவில்லை. பதிலுக்கு வந்தவர்தான் மாட்டிக்கொண்டார். ஆனாலும் பழி பெட்டி மேல். காரணம், ஃப்ரிட்ஜ் கதவு என்றாலே ஜனங்களுக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும். ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்துக்கொண்டிருந்தவர், 1949-லிருந்து 1960 வரை வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் விளம்பர முகமாக இருந்தார். 1952-ல் இரண்டு பெரிய கட்சிகளும் ஜனாதிபதி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க மாநாடு கூட்டியபோது, தலைவர்கள் பேசி முடிக்கிற இடைவெளியில் எல்லாம் இவர் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினார். வெஸ்டிங்ஹவுஸ் என்றால் நிச்சயமாக நம்பலாம் என்பதுதான் கம்பெனியின் கோஷம்.

சரி, நம்பி வாங்கியாயிற்று. ரிப்பேர் ஆனால்? அதற்குத்தான் வாரண்டி கார்டு இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கார்டே கொடுக்காவிட்டாலும் வாங்கியவருக்கு ஓர் உரிமை உண்டு. கடைக்காரர் விற்கிற பொருள், அது எதற்காக விற்கப்படுகிறதோ அந்த வேலையைச் செய்யவேண்டும். ஃப்ரிட்ஜ் என்றால் குளிரவேண்டும், அவ்வளவுதான். யாரும் எழுதிக் கொடுக்காவிட்டாலும் சட்டம் தருகிற உத்தரவாதம் இது. அமெரிக்கக் கம்பெனிகள் என்ன செய்தன? பூப்போட்ட ஓரம், மேலே கொட்டை எழுத்தில் 'உத்தரவாதம்' என்று அழகான கார்டு அடித்தன. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: மற்ற எல்லா உத்தரவாதங்களுக்கும் பதிலாகத்தான் இது. அதாவது, கம்பெனி தருகிற சின்ன உத்தரவாதத்தைக் காட்டி, சட்டம் தந்த பெரிய உத்தரவாதத்தைப் பிடுங்கிக்கொள்கிற காகிதம். அதையும் சந்தோஷமாக வாங்கி பீரோவில் பத்திரப்படுத்தினார்கள் மக்கள்.

இந்தக் குட்டு முதலில் பெரிதாக வெளிப்பட்டது ஒரு கார் விஷயத்தில். நியூ ஜெர்சியில் ஒருவர் 1955-ல் அன்னையர் தினப் பரிசாக மனைவிக்குப் புது ப்ளிமத் கார் வாங்கித் தந்தார். பத்தே நாள். ஓட்டிக்கொண்டு போகும்போது அடியில் ஏதோ உடைகிற சத்தம். ஸ்டியரிங் கையில் தானாகச் சுழன்றது. கார் சட்டென்று வலது பக்கம் திரும்பிப் போய்ச் செங்கல் சுவரில் மோதியது. நஷ்டஈடு கேட்டால், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். 90 நாள் அல்லது 4,000 மைல். அதற்குள் கெட்டுப்போன பாகத்தை உங்கள் செலவில் தொழிற்சாலைக்கு அனுப்பினால் வேறு பாகம் தருவோம். அடிபட்ட மனுஷிக்கு? அதைப்பற்றிப் பேச்சே கிடையாது.

வேறு கம்பெனி கார் வாங்கியிருக்கலாமே என்கிறீர்களா? எல்லாருமே இதே வாசகத்தைத்தான் அச்சடித்துக் கொடுத்தார்கள். உற்பத்தியாளர் சங்கமே தயாரித்துக் கொடுத்த வாசகம் அது. 1960-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஹென்னிங்சன் வழக்கில் அந்தப் பொடி எழுத்து செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பேரம் பேசவே வழியில்லாதவனிடம் வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல என்பதுதான் அதன் சாரம்.

தீர்ப்பு வந்தது காருக்கு. வாஷிங் மெஷினுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கார்டுகள் பழையபடிதான் வந்துகொண்டிருந்தன. பாகம் இலவசம், ஆனால் மெக்கானிக் கூலி உங்களுடையது. மெஷினை அனுப்பும் செலவும் உங்களுடையது. கம்பெனியைக் கேட்டால் கடைக்காரரைக் கைகாட்டும். கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுவார். புகார்கள் வாஷிங்டனில் மலையாகக் குவிந்தன.

இங்கேதான் பெட்டி ஃபர்னஸ் மறுபடி வருகிறார். 1967-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவரைத் தன்னுடைய நுகர்வோர் நல ஆலோசகராக நியமித்தார். எப்படி இருக்கும்? கம்பெனிக்காக ஃப்ரிட்ஜ் விற்றவர் வாங்குகிறவர்கள் பக்கம் நின்று பேசப்போகிறாராம் என்று கேலி செய்தார்கள். அந்தம்மா அசரவில்லை. 1968-ல் ஜான்சன், உத்தரவாதம் சொல்வதைச் செய்கிறதா என்று பார்க்க ஒரு குழுவை அமைத்தார். வணிக, தொழிலாளர் துறைச் செயலாளர்கள், கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் தலைவர் ஆகியோரோடு பெட்டியும் அதில் இருந்தார். 1969 ஜனவரியில் வீட்டுச் சாதன வாரண்டி பற்றிய அறிக்கை வெளிவந்தது.

அறிக்கை வந்து சட்டமாக இன்னும் ஆறு வருடம் பிடித்தது. செனட்டர் வாரன் மேக்னஸன், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் மாஸ் இருவர் பெயரையும் தாங்கிய மேக்னஸன்-மாஸ் வாரண்டி சட்டத்தில் 1975 ஜனவரி 4-ம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்துப் போட்டார்.

இந்தச் சட்டத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். வாரண்டி கொடுத்தே ஆகவேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்தால் எளிமையான மொழியில் எழுது, வாங்குவதற்கு முன்பே படிக்கக் கொடு, சட்டம் தரும் உத்தரவாதத்தைப் பிடுங்காதே என்றது. கூடவே நெற்றியில் ஒரு பட்டத்தையும் ஒட்டச் சொன்னது. 'முழு' வாரண்டியா, 'வரையறுக்கப்பட்ட' வாரண்டியா? முழு என்று சொல்லிக்கொண்டால் நியாயமான காலத்துக்குள் இலவசமாகச் சரிசெய்யவேண்டும். பலமுறை முயன்றும் முடியாவிட்டால் புதுசோ பணமோ தரவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது லிமிடெட்தான்.

லிமிடெட் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள், வெட்கப்பட்டுக் கம்பெனிகள் எல்லாம் முழு வாரண்டிக்கு மாறிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. பெரும்பாலான கம்பெனிகள் கூச்சப்படாமல் லிமிடெட் என்றே போட்டுக்கொண்டன. எல்லாப் பெட்டியிலும் அதே வார்த்தை. எச்சரிக்கையாக வைத்த சொல் அலங்காரமாகிவிட்டது. இன்று வாரண்டி என்றால் கூடவே லிமிடெட் என்று வருவதை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்?

விளம்பரத்தைச் சும்மா விடவில்லை. 'லைஃப்டைம் கேரண்டி' என்று சொன்னால் யாருடைய லைஃப் என்று சொல்லவேண்டும் என 1985-ல் வர்த்தக ஆணையம் விதி எழுதியது. நியாயமான கேள்விதானே? வாங்கியவருடைய ஆயுளா, பொருளின் ஆயுளா? பிந்தையது என்றால் பொருள் செத்த அன்றே கேரண்டியும் செத்துவிடும்! 2018-ல்கூட, ஸ்டிக்கரைக் கிழித்தால் அல்லது வேறு கம்பெனி பாகம் போட்டால் வாரண்டி போச்சு என்றெல்லாம் பயமுறுத்திய ஆறு பெரிய கம்பெனிகளுக்கு அதே ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

நம் ஊரிலும் இப்போது சட்டம் இருக்கிறது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெட்டி ஃபர்னஸ் காலத்தில் இல்லாத ஒன்றும் இதில் உண்டு. உண்மையா என்று விசாரிக்காமல் விளம்பரத்தில் தோன்றுகிற நட்சத்திரமும் மாட்டுவார். 2022-ல் வந்த விதிகள், பொடி எழுத்தில் வரும் நிபந்தனை பெரிய எழுத்தில் சொன்னதை மறுக்கக்கூடாது என்கின்றன.

ஆனால் விளம்பரம் முழுப் பொய் சொல்வது அபூர்வம். '10 வருட வாரண்டி' என்பது உண்மையாகவே இருக்கும். கம்ப்ரசருக்கு மட்டும். காஸ் நிரப்பும் செலவு, கூலி, கதவு ரப்பர், சர்க்யூட் போர்டு எல்லாம் பெரும்பாலும் அந்தப் பத்து வருடத்துக்கு வெளியே நிற்கும். அடுத்தமுறை கடைக்குப் போனால் எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். எதற்கு, யார் செலவில் என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பனையாளர் முகம் மாறினால், கார்டின் பின்பக்கத்தைப் படித்தது மாதிரிதான்.