240 கோடுகளின் பயணம்

1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ ஃபேமிகாம், குழாய்த் தொலைக்காட்சிக்காகவே பிறந்த விளையாட்டுக் கருவி. அது அனுப்பிய படம் ஏறத்தாழ 240 கோடுகள். தட்டைத் திரைகள் வந்தபின் சிக்கல் தொடங்கியது. பல தொலைக்காட்சிகள் அதை ஒன்றுவிட்டொரு கோடாக வரையப்படும் 480 கோட்டு இடைப்பின்னல் படமென்று தவறாகக் கொண்டன; படம் மங்கியது, பொத்தானை அழுத்தியபின் விளையாட்டு நாயகன் மாரியோ தாமதமாகத் தாவினான்.

ஜப்பானின் மைகோம்சாஃப்ட் 2010களின் தொடக்கத்தில் விற்ற, பழைய படத்தைப் புதிய திரைக்கேற்ப மாற்றும் ஃபிரேம்மைஸ்டர் என்ற கருவி இந்தச் சிக்கலுக்குப் பேர்போன மருந்து, விலைதான் கசந்தது. பின்லாந்துக்காரர் மார்கஸ் ஹீயென்காரியின் திறந்தமூலக் கருவியான ஓஎஸ்எஸ்சி, முழுப் படத்தையும் சேமித்துவைக்காமல் ஒவ்வொரு கோட்டையும் அப்போதைக்கப்போதே பெருக்கியது. தாமதம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அது தரும் சமிக்ஞையைச் சில தொலைக்காட்சிகள் ஏற்கவே மறுத்தன. 2021இல் வந்த ரெட்ரோடிங்க் 5எக்ஸ் என்ற கருவி அந்தத் தலைவலியைப் பெரிதும் குறைத்தது. 2023 இறுதியில் வந்த ரெட்ரோடிங்க் 4கே, பழைய குழாய்த் திரையின் கோடுகளையும் ஒளிர்வையும்கூட அப்படியே போலச்செய்கிறது.