ஒரு லாரி, ஒரு விபத்து, இருபதாயிரம் ரூபாய்

பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் கார்ல போறவங்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியாம இருக்காது. தருமபுரியைத் தாண்டினதும் தேசிய நெடுஞ்சாலை 44 வளைஞ்சு வளைஞ்சு இறங்கும். டீசலை மிச்சம் பிடிக்கிறதுக்காக நியூட்ரல்ல இறக்குற லாரிகளும் உண்டு. பாதியில பிரேக் சூடாகி பிடிக்கலைன்னா அவ்வளவுதான். 2020 டிசம்பர் 12 அன்று சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று இங்கே பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீது மோதியது. 4 பேர் இறந்தார்கள்.

எனக்கு வர்ற கேள்வி இது: ஒரே லாரி, இத்தனை பேர். இன்சூரன்ஸ் கம்பெனி எதுவரைக்கும் பணம் கொடுக்கும்?

இதே விபத்து 1960-கள்ல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு பார்ப்போம். பிரிட்டனில் 1930-ல் தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்னு சட்டம் வந்தது. நம்ம ஊரில் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் அதைச் சேர்த்தார்கள். அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-ல்தான். அதன்படி சரக்கு லாரிக்கு உச்சவரம்பு, ஒரு விபத்துக்கு, எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். சொந்தக் காருக்கு அப்படி வரம்பே இல்லை! நசுக்குற வண்டிக்குக் குறைஞ்ச பொறுப்பு. மிச்சத்தை லாரி முதலாளிகிட்ட வாங்கிக்கணும். கடன் வாங்கி ஒரே ஒரு லாரி ஓட்டுறவர்கிட்ட எங்கே போய் வாங்குறது?

1966-ல் குஜராத்தில் ஒரு லாரியும் ஆட்டோவும் மோதின. ஆட்டோ ஓட்டுநர் இறந்தார், பயணி காயமடைந்தார். ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்தே 20,000-தான் வரம்புன்னு இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1981-ல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தீர்ப்பு சொன்னார். 'ஒரு விபத்து' என்பதை லாரி பக்கத்திலிருந்து எண்ணக் கூடாது, அடிபட்டவர் பக்கத்திலிருந்து எண்ணணும். ரெண்டு பேர் அடிபட்டால் ரெண்டு விபத்து. வரம்பு ஆளுக்கு ஆள் தனி. எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்பு இது. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறலை, எண்ணுற இடம் மட்டும் மாறுச்சு.

தொகையும் உயர்ந்தது: 1969 திருத்தத்தில் 50,000, 1982-ல் ஒன்றரை லட்சம். 1988-ல் வந்த புதுச் சட்டம், 1989 ஜூலை 1 முதல், உயிருக்கும் உடல் காயத்துக்கும் வரம்பையே எடுத்துவிட்டது. அது லேசில் நிலைக்கலை. 2016 திருத்த மசோதாவில் இறப்புக்கு 10 லட்சம்னு மறுபடி வரம்பு போடப் பார்த்தாங்க. 2019-ல் நிறைவேறின திருத்தத்தில் அது இல்லை.

ஆனா பொருள் சேதத்துக்கு 1988 சட்டம் கட்டாயமாக்கியது வெறும் 6,000 ரூபாய். இன்னிக்கு ஒரு காரோட ஹெட்லைட்டுக்கே அது பத்தாது. அதனால்தான் கார் பாலிசிகள்ல வழக்கமா இதை ஏழரை லட்சம் வரைக்கும் தர்றாங்க. சொற்பத் தள்ளுபடிக்காக அதை 6,000-க்கே குறைச்சுக்குற வசதியும் வச்சாங்க. உங்க பாலிசியில் 'தர்ட் பார்ட்டி ப்ராப்பர்ட்டி டேமேஜ்'னு ஒரு வரி இருக்கும். எந்தத் தொகை போட்டிருக்குன்னு பார்த்துட்டு கணவாய் இறங்குங்க.