நாலு நாளும் ஞாயிற்றுக்கிழமை: சிராங்கூன் ரோட்டின் கதை

போன மாசம் நாலு நாள் லீவ் போட்டுட்டு, நாமக்கல்ல இருந்து திருச்சி வந்து, நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சிங்கப்பூர் ஃப்ளைட் ஏறினோம். பிளான் சிம்பிள்: சாப்பாடு, ஷாப்பிங், ராத்திரியில ஊர் சுத்தறது. மூணுமே ஒரே இடத்துல கிடைச்சுது. லிட்டில் இந்தியா, அதாவது சிராங்கூன் ரோடு. அந்த ரோடு எப்படி இப்படி ஆச்சுங்கறதுதான் இன்னைக்கு எபிசோட்.

கதை மாட்டுல இருந்து ஆரம்பிக்குது. அங்க பஃபல்லோ ரோடு, கெர்பாவ் ரோடுன்னு ரெண்டு தெரு இருக்கு. மலாய்ல கெர்பாவ்னா எருமை. தேக்கா மார்க்கெட்டோட பழைய பேரு கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி. 19ஆம் நூற்றாண்டுல புல்லும் தண்ணியும் கிடைச்ச இந்தப் பக்கம்தான் மாட்டு வியாபாரம் நடந்துச்சு. 1840கள்ல பக்கத்துலயே குதிரைப் பந்தய மைதானமும் வந்துச்சு. மாடு, குதிரை பாத்துக்க, செங்கல் சூளையில வேலை செய்யன்னு நம்ம ஆளுங்க வந்து சேர்ந்தாங்க. அப்புறம் மாட்டு வியாபாரம் மங்கிப்போச்சு. மனுசங்க தங்கிட்டாங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். மீன் தலைக் கறி நம்ம ஊர்ல இருந்து அப்படியே போனதுன்னு நெனச்சிருந்தேன். கோமஸ்ங்கற மலையாளி 1949 வாக்குல சிங்கப்பூர்ல ஆரம்பிச்சதா சொல்றாங்க. மீன் தலையை விரும்பிச் சாப்பிடற சீன வாடிக்கையாளருக்காக, நம்ம மசாலாவுல போட்ட குழம்பு அது. அந்தக் காலத்துல பாதிச் சாப்பாடு தெருவோரத்துலதான் வித்துச்சு. 1971ல இருந்து 1986 வரைக்கும் அரசாங்கம் தெருக் கடைகளைக் கட்டடத்துக்குள்ள கொண்டுபோச்சு. இன்னைக்கு நாம போற ஹாக்கர் சென்டர் அப்படி வந்ததுதான். 2020ல அந்தக் கலாச்சாரத்தை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க.

ஷாப்பிங்னா முஸ்தபா. 1971ல கேம்ப்பெல் லேன்ல சின்னத் துணிக்கடையா தொடங்கினது. 1995ல இப்போ இருக்கற சையது ஆல்வி ரோடு கட்டடம், 2003ல இருந்து 24 மணி நேரமும் கடை. கொரோனாவோட அது நின்னுபோச்சு. இப்போ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்தான். எங்க அம்மாயி கேட்ட கோடாலித் தைலத்தை அங்கதான் வாங்கினேன். அதுவே சிங்கப்பூர்க் கம்பெனிதான், 1928ல ஆரம்பிச்சது!

சனிக்கிழமை ராத்திரி ஒரு கடையில பீர் டின் கேட்டோம். கடைக்காரர் சிரிச்சுட்டு, "ஏழு மணிக்கே முடிஞ்சுது தம்பி"ன்னார். ஏன்னு தேடிப் பார்த்தேன்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு ராத்திரி. தொழிலாளர்களை விடுதிக்குக் கூட்டிட்டுப் போற பஸ் மோதி, ரேஸ் கோர்ஸ் ரோட்டுல ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்துட்டார். கூட்டம் கொதிச்சு, கலவரம் ஆச்சு. 1969க்கு அப்புறம் சிங்கப்பூர் பார்த்த முதல் கலவரம். 57 பேரைத் திருப்பி அனுப்பினாங்க. குடியும் ஒரு காரணம்னு விசாரணைக் குழு சொல்லுச்சு. 2015ல சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டம் வந்தப்போ நாடு முழுக்க ராத்திரி 10.30க்கு மேல கடையில பாட்டில் வாங்கவும், பொது இடத்துல குடிக்கவும் தடை போட்டாங்க. லிட்டில் இந்தியாவுல இன்னும் இறுக்கம்: சனி காலையில இருந்து திங்கள் காலை வரைக்கும் பொது இடத்துல குடிக்கவே கூடாது.

ஆனா பாருக்குள்ள உக்காந்து குடிக்கலாம். அன்னைக்கு நாங்களும் அதைத்தான் செஞ்சோம். பார் பில் கட்ட முடியாதவங்களுக்கு இருக்கறது புல்தரைதான். தடை விழுந்ததும் அங்கதான்.

மறுநாள் ஞாயிறு சாயங்காலம் தேக்கா பக்கம் நடக்கவே இடமில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வரிசை, பரோட்டா பார்சல், வீடியோ கால்ல குழந்தைங்க. புல்தரையில உக்காந்திருந்த ஒரு அண்ணன் ராசிபுரம் பக்கத்துக்காரர், கட்டட வேலை. "எத்தன நாளுக்குங்க வந்திருக்கீங்க?"ன்னார். நாலு நாள்னேன். "நாலு நாளும் ஞாயித்துக்கிழமைன்னு சொல்லுங்க"ன்னு சிரிச்சார். பதில் சொல்ல வரலை.

நம்மளுக்கு அது டூரிஸ்ட் ஸ்பாட். அந்தக் கடைகளை வாராவாரம் ஓட வைக்கறது அவங்களோட அந்த ஒரு நாள்தான். மாட்டுப்பட்டி காலத்துல இருந்தே அந்த ரோடு வேலைக்கு வந்தவங்க ரோடு. போனீங்கன்னா ஞாயிறு சாயங்காலம் போங்க. கூட்டமா இருக்குன்னு அலுத்துக்காதீங்க, அது அவங்க லீவு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.