வண்டியின் வயதைப் பார்த்த காப்பீடு

இந்தியாவில் மோட்டார் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய சட்டம், வண்டியால் அடிபடக்கூடியவரை மனத்தில் கொண்டே எழுதப்பட்டது. பிரிட்டனின் 1930ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் காட்டிய வழியில், 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் எட்டாம் அத்தியாயத்தில் இக்கடமையை வகுத்தது; எனினும் அந்த அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. காப்பீடு செய்தவர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு, விபத்தில் பாதிக்கப்படும் அயலார் மூன்றாம் தரப்பு என்று கொள்வதால், இது மூன்றாம் தரப்புக் காப்பீடு எனப்பட்டது. முதுமையில் கார் ஓட்டுவோரின் காப்பீட்டுச் செலவு இந்நாட்டில் ஏன் தனிப்போக்கில் அமைந்தது என்பதை, இந்தத் தோற்றத்தை நினைவில் கொண்டால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட நான்கு நிறுவனங்களின் கையில் வந்தபோது, நாடெங்கும் ஒரே கட்டண அட்டவணையே ஆட்சி செய்தது. அவ்வட்டவணையின் கடைசி வடிவமான 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண அட்டவணை, எஞ்சினின் கன அளவு, வண்டி பதிவான ஊர், வண்டியின் வயது, அதன் மதிப்பு ஆகியவற்றைக் கொண்டே கட்டணத்தைக் கணித்தது. சென்னை போன்ற பெருநகரங்கள் அடங்கிய முதல் மண்டலத்தில், 1000 சிசிக்கு மேற்படாத காருக்கு 5 ஆண்டு வரை மதிப்பில் 3.127 சதவீதமாக இருந்த வீதம், வண்டி 10 ஆண்டைக் கடந்ததும் 3.362 சதவீதமாயிற்று. வண்டிக்கு வயது ஏற ஏற வீதம் ஏறியது. ஓட்டுபவருக்கு 30 வயதா 70 வயதா என்பது அந்த வீதத்தை மாற்றவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் ஓட்டுநரின் வயதே கட்டணத்தை நிர்ணயிக்கும் காரணிகளுள் ஒன்றாக வளர்ந்திருந்ததால், மிக இளையவரும் மிக முதியவரும் அங்கே கூடுதலாகச் செலுத்த நேர்ந்தது. கலிஃபோர்னியாவில் மட்டும் 1988இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, ஓட்டுநரின் விபத்துப் பதிவு, ஓராண்டில் ஓட்டும் தூரம், ஓட்டிய அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றையும் முதன்மைக் காரணிகளாக்கியது.

2007 ஜனவரி 1 முதல், சொந்தச் சேதக் காப்பீடு, அதாவது உரிமையாளரின் வண்டிக்கே நேரும் இழப்பை ஈடுசெய்யும் பகுதி, அட்டவணையிலிருந்து விடுபட்டு நிறுவனங்களின் போட்டிக்கு உட்பட்டது. மூன்றாம் தரப்புக் கட்டணம் இன்றும் பொது ஆணையால்தான் வரையறுக்கப்படுகிறது. 2022 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாயை இளையவரும் முதியவரும் ஒருபடித்தாகவே செலுத்துகின்றனர். முதியவருக்கு மேலும் துணை நிற்பது, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான சலுகையாகிய நோ கிளெய்ம் போனஸ் ஆகும். முதலாண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை உயரும் இச்சலுகை உரிமையாளரைச் சார்ந்தது என்பதால், பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்குபவர் அதனைத் தம்முடன் கொண்டுசெல்லலாம்.

ஓட்டுநரின் வயது இந்திய முறையில் நுழைவது பெரும்பாலும் ஓட்டுநர் உரிமத்தின் வழியாகவே. உரிமத்துக்கு உச்ச வயது எதையும் சட்டம் விதிக்கவில்லை; ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 55 வயதைக் கடந்தவர் 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றுடன் அதனைப் புதுப்பித்தாக வேண்டும். உரிமமில்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. அத்தீர்ப்பின் வழிவந்த நடைமுறைப்படி, நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடமிருந்து அத்தொகையை வசூலிக்கலாம். புதுப்பிக்க மறந்த ஓர் உரிமம் ஓய்வுக்காலச் சேமிப்பையே கரைத்துவிடக்கூடும் என்பது இதனால் தெளிவாகும்.

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. அதனையடுத்து உரிமையாளர் ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022 ஜூலையில் ஓட்டும் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் கூடுதல் காப்பீடுகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இசைவளித்தது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் காரை எடுக்கும் முதியவருக்கு இவ்வளவு பொருத்தமான மாற்றம் இதற்குமுன் வந்ததில்லை.

ஆகவே, பாலிசியைப் புதுப்பிக்கும் முதியவர் முதலில் தம் உரிமம் காலாவதியாகும் நாளையும், பிறகு ஐ.டி.வி. எனப்படும் வண்டியின் காப்பீட்டு மதிப்பையும், இறுதியாக ஓராண்டில் ஓடும் தூரத்தையும் பார்க்க வேண்டும். மதிப்பு மிகக் குறைந்துவிட்ட பழைய காருக்குச் சொந்தச் சேதப் பகுதியைக் கைவிடுவது சிக்கனமாகலாம். மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும் எந்த வயதிலும் கைவிடலாகாது. 1946 முதல் அது சாலையில் நடப்பவருக்குச் சட்டம் அளித்துள்ள காவலாக இருந்துவருகிறது.