பெருந்தச்சனும் பெருங்கோயிலும்

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயில் விமானம் சுமார் 216 அடி உயர்ந்தது. அதன் சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று நாம் மேடைதோறும் சொல்லி வந்தோம். ஆய்ந்த அறிஞர்களோ அது பல கற்களை இணைத்து அமைத்தது என்பர். இதனால் பெருமை குன்றுமோ? குன்றாது. கருங்கல் கிடையாத காவிரிச் சமவெளிக்குத் தொலைவிலிருந்து கல் கொணர்ந்து எழுப்பிய விமானத்திற்கு, முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் செப்புக் கலசம் ஈந்தான். குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயரையும் கல்லில் பொறித்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர், மனை, நெல் கூலி ஆகியவற்றையும் வரையறுத்தான், நாவிதனையும் மறந்திலன். ஆயினும் கல் சுமந்தோர் பெயர்களை நாம் அறியோம். பல கற்கள் கூடிச் சிகரமாயிற்று. பல கைகள் கூடிக் கோயிலாயிற்று. தேர்வடம் பற்றும் இந்நாளில் அக்கைகளையும் நினைந்து தொழுவோமாக. திருச்சிற்றம்பலம்.