இணையத்தின் தோற்றக் காலம்

ஒரு பொருளின் தோற்றக் காலத்தை வரையறுக்கப் புகுவார், அப்பொருளின் இலக்கணத்தை முதற்கண் தெளிந்துகொள்ளல் வேண்டும். இணையம் 1969 ஆம் ஆண்டில் தோன்றிற்று என்பர் ஒரு சாரார். 1983 என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் பொருந்துவது யாதென ஈண்டு ஆராய்வோம்.

முதற்கொள்கையினர் காட்டும் சான்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சார்ந்த ஆர்ப்பா நிறுவனம் அமைத்த ஆர்ப்பாநெட் என்னும் வலையாகும். 1969 அக்டோபர் 29 ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்செலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கணிப்பொறியினின்றும் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக் கணிப்பொறிக்கு 'லாகின்' என்னும் சொல்லை விடுத்தனர். முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் சென்ற அளவில் அங்குள்ள பொறி செயலற்றது. பின்னர் முழுச் சொல்லும் சென்றது. அவ்வாண்டின் இறுதியில் நான்கு இடங்கள் இணைந்தன.

இவ்வலைக்கு அடிப்படையான முறையை, ராண்ட் நிறுவனத்துப் பால் பேரனும் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்து டொனால்ட் டேவிசும் தனித்தனியே கண்டனர். செய்தியைச் சிறு சிறு பொதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் சேருமிடத்தைப் பொறித்து விடுத்தலே அம்முறை. பொதிகள் வெவ்வேறு வழியிற் செல்லினும் முடிவில் ஒன்றுகூடிச் செய்தியாகும். பேரன் போரில் அழியாத் தொடர்பை நாடினார். அதுகொண்டு ஆர்ப்பாநெட்டும் அணுப்போரை முன்னிட்டே எழுந்தது என்பார் உளர். விலைமிக்க கணிப்பொறிகளை ஆராய்ச்சியாளர் தொலைவிலிருந்தே பயன்கொள்ளல் வேண்டும் என்பதே நோக்கம் என்று, அத்திட்டத்தைத் தொடங்கிய ராபர்ட் டெய்லர் கூறியுள்ளமையின், அக்கூற்று ஏற்புடைத்தன்று.

இனி, ஆர்ப்பாநெட் ஒற்றை வலையே. வானொலி வழியும் செயற்கைக்கோள் வழியும் இயங்கும் வலைகள் பின்னர்த் தோன்றியபோது, ஒன்றன் விதி மற்றொன்றற்கு ஒவ்வாதாயிற்று. இக்குறையை நீக்க வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974 இல் ஒரு நெறி வகுத்து வெளியிட்டனர். அந்நெறிப்படி எவ்வலையும் தன் அமைப்பை மாற்ற வேண்டுவதில்லை. எல்லையில் நிற்கும் வாயிற்பொறிகள் பொதிகளைக் கைமாற்றும். வழியில் தொலைந்ததை மீண்டும் விடுத்தல் முனைகளிலுள்ள கணிப்பொறிகளின் கடமை. 1977 நவம்பர் 22 ஆம் நாள், கலிபோர்னியாவில் ஓர் ஊர்தியிலிருந்து புறப்பட்ட பொதிகள், மூவகை வலைகளையும் கடந்து இலண்டன் வரை சென்று மீண்டன. டி.சி.பி., ஐ.பி. என இரு கூறாகப் பிரிந்த இப்பொது விதியை, 1983 சனவரி 1 ஆம் நாள் ஆர்ப்பாநெட்டும் மேற்கொண்டது.

வலைகளை இணைப்பது இணையம் என்னும் பெயர்க்காரணமே அதன் இலக்கணத்தையும் உணர்த்தும். 1990 இல் ஆர்ப்பாநெட் நிறுத்தப்பட்டது, இணையமோ நின்றிலது. இரண்டும் ஒன்றாயின் இது கூடாதன்றோ? ஆகவே 1969 ஆம் ஆண்டு நிகழ்ச்சி இணையத்தின் முன்வரலாறு எனவும், 1974 இல் கருக்கொண்ட இணையம் 1983 இல் உருப்பெற்றது எனவும் கோடலே பொருத்தமாம். கம்பியும் பொறியும் மாறினும் பொதுவிதி நிலைத்தது; அவ்விதியின் வரலாறே இணையத்தின் வரலாறு என்பது நமது துணிபு.